ரெண்டாவது ஆள்

கேக்குதுங்க மேடம், நல்லாவே கேக்குது. கதவைத் தட்டாதீங்க, உங்க கைதான் வலிக்கும். நான் எங்கயும் போகல. மூணாவது மாடிக் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நிக்கறேன். லிஃப்ட் ரிப்பேர் பாக்கறவன். வாட்ச்மேன் போன் பண்ணதுமே கெளம்பி வந்துட்டேன்.

இல்லைங்க, இப்பத் திறக்க முடியாது. சாவி இருக்கு, கையிலயேதான் இருக்கு. ஆனா இன்னொருத்தர் வரணும். என்கூட வேலை பாக்கறவர், பெரியவர்னு கூப்பிடுவோம். வேற ஒரு கட்டடத்துல இருந்தார், கெளம்பிட்டேன்னு போன்ல சொல்லிட்டார். அவர் மொட்டை மாடிக்குப் போய், மெஷின் ரூம்ல மெயின் ஸ்விட்சை அணைக்கணும். அப்புறம் பிரேக்கைக் கையால தளர்த்தி உங்க பெட்டியை மெதுவா இறக்கணும். தரைக்குச் சமமா வந்ததும் நான் இங்க திறப்பேன். ரெண்டு பேர் செய்யற வேலை இது. ஒருத்தர் மேல, ஒருத்தர் இங்க.

பத்து நிமிஷம். சரி, கால் மணி நேரம்னே வெச்சுக்குங்க. குறைச்சுச் சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேன்.

திட்டுங்க, பரவால்ல. உள்ள மாட்டுனவங்க யாரா இருந்தாலும் என்னைத் திட்டித்தான் ஆரம்பிப்பாங்க. ஒரு வக்கீல் உள்ள இருந்துக்கிட்டே என் மேல கேஸ் போடறேன்னார். வெளிய வந்ததும் அவர்தான் முதல்ல கை குடுத்தார்.

காத்துக்குப் பயப்படாதீங்க. மேலயும் ஓரத்துலயும் ஓட்டை விட்டிருக்கு, காத்து வந்துக்கிட்டேதான் இருக்கும். மூச்சு முட்டற மாதிரி இருக்கறது பயத்துல. கீழ உக்காருங்க. முதுகைச் சுவத்துல சாச்சுக்குங்க. உக்காந்துட்டீங்களா? ம், அப்படியே இருங்க. அறுந்து விழாது. அஞ்சு கயிறு இருக்கு, அதுல ஒண்ணே உங்களைத் தாங்கிடும்.

மேடம் வேணாமா. சரி, அக்கான்னே கூப்பிடறேன். எனக்கும் அதுதான் வாய்ல வருது.

பன்னெண்டு மணிக்குப் பொண்ணைக் கூப்பிடப் போகணுமா? இப்ப பதினொண்ணே கால்தான் அக்கா. பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? நடந்தா அஞ்சு நிமிஷம்தானே, அப்ப நீங்களே போய்க் கூட்டிட்டு வந்துடலாம். இருந்தாலும் வாட்ச்மேன்கிட்டச் சொல்லி டீச்சருக்கு ஒரு போன் போடச் சொல்லிடறேன். அண்ணே, அந்த எதிர்த் தெரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு போன் போடுங்க, அக்கா லேட்டா வந்தா பொண்ணை உள்ளயே உக்கார வெச்சுக்கச் சொல்லுங்க. அவர் போறார் அக்கா. பொண்ணுக்கு எத்தனை வயசு? ஆறா. என் தம்பி பொண்ணுக்கும் ஆறுதான்.

ஆமா, தம்பியும் இதே வேலைதான். நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போவோம். பதிமூணு வருஷம். இந்தக் கட்டடமே நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டதுதான். பட்டனுக்குப் பக்கத்துல ஒரு அட்டை ஒட்டியிருக்கும், தெரியுதா? மாசாமாசம் பாத்துட்டுத் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவோம். கடைசி நாலு என்னுது. அதுக்கு மேல இருக்கறதெல்லாம் அவனுது. என்ன எழுதியிருக்கான் பாருங்க. நாங்க எல்லாரும் ஓகேன்னு ரெண்டெழுத்துல முடிச்சுடுவோம், அவன் மட்டும் நல்லா இருக்குன்னு முழுசா எழுதுவான். இடம் பத்தாம அடுத்த கட்டத்துக்குள்ள போயிடும். ஆபீஸ்ல திட்டுவாங்க. இப்ப நான் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் இதைப் பாத்துட்டுத்தான் வேலையை ஆரம்பிக்க வேண்டியிருக்கு.

இல்லைங்க. அவன் இப்ப இல்ல. நாலு மாசம் ஆச்சு.

உடம்புக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருந்தான். அதை அப்புறம் சொல்றேன் அக்கா. முதல்ல நீங்க வெளிய வாங்க.

பேசிக்கிட்டே இருக்கணுமா? பேசறேன். என்னத்தப் பேசறது, வீட்டுக் கதைதான். வீட்ல அவனுக்கு அவசரம்னு பேரு. நிஜமாவே அப்படித்தான் கூப்பிடுவோம். அவசரம் வந்துட்டானா, அவசரம் சாப்பிட்டானான்னுதான் அம்மா கேப்பாங்க. எட்டாம் மாசமே பொறந்துட்டான். சோறு தட்டுல விழறதுக்குள்ள பாதி வாய்க்குள்ள போயிருக்கும். கல்யாணமும் அப்படித்தான். ஒரு பொண்ணைப் பாத்தேண்ணேன்னு ஒரு செவ்வாய்க்கிழமை சொன்னான், அடுத்த மாசம் அந்தப் பொண்ணு எங்க வீட்ல இருந்தா. ஆனா வேலைன்னு வந்துட்டா வேற ஆளு. ஒரு நட்டை மூணு தடவை தொட்டுப் பாப்பான். நேரமாகுதுடான்னு நான் கத்துவேன். இரண்ணே, இன்னொரு தடவை பாத்துடறேன்பான். அந்த மூணு தடவை கணக்கு எனக்கு மட்டும்தான் தெரியும். வீட்ல யாருக்கும் தெரியாது.

அம்மா இருக்காங்க, என்கூடத்தான். பேசறாங்க, நல்லாத்தான் பேசறாங்க. ஆனா எந்தப் பேச்சும் ஒரே எடத்துலதான் போய் நிக்குது. குழாய்ல தண்ணி சொட்டுது, வாஷர் மாத்துன்னு ஆரம்பிப்பாங்க. நான் மாத்திக்கிட்டு இருக்கறப்பவே, அவனுக்கு அப்படி என்னதான் அவசரம்னு முடிப்பாங்க. நான் ஸ்பேனரைத் திருகிக்கிட்டே இருப்பேன். போன வாரம் திருகித் திருகிக் குழாயையே உடைச்சுட்டேன். இத்தனை வருஷம் இந்த வேலை பாத்தவன் ஒரு குழாயை உடைக்கறேன்னா பாத்துக்குங்க.

என் வீட்டுக்காரி, தம்பி போறதுக்கு அஞ்சு வாரம் முன்னாடியே அவங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டா. பெரிய சண்டையெல்லாம் இல்ல. வீட்டுக்கு வந்தா நீங்க வாயே திறக்கறதில்லன்னு பத்து வருஷமாச் சொல்லிக்கிட்டிருந்தா. பதினோராவது வருஷம் பையை எடுத்துட்டா. தம்பி போன அன்னிக்கு வந்தா, வந்தவ திரும்பிப் போகல.

நல்லதுதான் அக்கா, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா பாருங்க, நான் பேசலைன்னுதானே போனா? இப்பவும் நான் பேசறதில்ல. துக்கத்துல இருக்கார்னு அவளா நெனச்சுக்கறா. டீயைக் கொண்டாந்து பக்கத்துல வெச்சுட்டு, ஒண்ணும் கேக்காம உக்காந்திருப்பா. அவ திட்டுனப்பக்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமா இருந்ததில்ல.

என்ன சத்தம் அது? அக்கா, என்ன பண்றீங்க? கதவை விடுங்க. விரலை வெளிய எடுங்க.

எடுங்கன்னு சொல்றேன்ல.

எடுத்துட்டீங்களா? சரி. சத்தம் போட்டதுக்கு மன்னிச்சுக்குங்க. ஆனா கேளுங்க, ஒரே ஒரு நிமிஷம் கேளுங்க. அந்த உள்கதவு இழுத்தா வந்துரும், எனக்கும் தெரியும். வெளிக்கதவை நான் திறந்தா நீங்க என்னைப் பாக்கலாம், நான் உங்களைப் பாக்கலாம். குதிச்சுடலாம்னு தோணும். ஆனா உங்க காலடித் தரை இப்ப என் நெஞ்சு உயரத்துல நிக்குது. அதுக்குக் கீழ இங்க திறந்த குழி. மூணு மாடி ஆழம். குதிச்சு இறங்கறவங்க பின்பக்கம் சாஞ்சா நேரா அதுக்குள்ளதான் போவாங்க. அந்த நேரம் கரண்ட் வந்து பெட்டி நகந்தா இன்னும் மோசம். லிஃப்ட்ல மாட்டுனவங்களுக்கு உள்ள ஒண்ணும் ஆகறதில்ல அக்கா. அவசரப்பட்டு இறங்கறப்பதான் ஆகுது.

உங்களைப் பயமுறுத்தச் சொல்லல.

தெரியுது. நான் நெனச்சா திறக்கலாம்தான். நானே மேல ஓடி ஸ்விட்சை அணைச்சுட்டு, நானே கீழ ஓடி வந்து திறக்கலாம். நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க. நான் கீழ இருக்கறப்ப மேல யாராச்சும் ஸ்விட்சைப் போட்டா? வாட்ச்மேனை நிக்க வைக்கலாம்னு சொல்லாதீங்க. அவர் நல்லவர்தான், ஆனா எது எந்த ஸ்விட்ச்சுன்னு அவருக்குத் தெரியாது. நான் தனியாத் திறக்க மாட்டேன். நீங்க அழுதாலும் திறக்க மாட்டேன். ஆபீஸ்ல எழுதிக் குடுங்க, இந்த ஆளு சாவியைக் கையில வெச்சுக்கிட்டு என்னை உக்கார வெச்சான்னு. நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.

அழாதீங்க அக்கா. நானும் கதவுகிட்டயே கீழ உக்காந்துட்டேன். பாருங்க, இப்ப சத்தம் கீழேருந்துதானே வருது?

இருங்க, போன் வருது. சொல்லுங்க பெரியவரே. கேட்டுக்குள்ள வந்துட்டீங்களா. ஆமா, மூணுக்கும் நாலுக்கும் நடுவுல. ஒருத்தங்கதான். நீங்க மெயினை அணைச்சதும் எனக்குச் சொல்லுங்க, அதுக்கப்புறம்தான் நான் சாவியைப் போடுவேன். ஸ்விட்சை விட்டு நகராதீங்க. தெரியும், உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன். போனை வைக்காதீங்க, இப்படியே ஏறுங்க.

வந்துட்டார் அக்கா. ஆறு மாடி ஏறணும், அறுபது வயசு. மூச்சு வாங்கறது எனக்கு இங்க கேக்குது. எழுந்திரிக்காதீங்க, உக்காந்தே இருங்க. இப்ப வெளக்கு ஒரு தடவை அணைஞ்சு எரியும். ஒரு குலுங்கு குலுங்கும். நான் முன்கூட்டியே சொல்லிட்டேன், பயப்படக் கூடாது.

ம்... சொல்லுங்க பெரியவரே. அணைச்சாச்சா? நிக்கறீங்களா அங்கயே? சரி, இறக்குங்க. மெதுவா. இன்னும். இன்னும் கொஞ்சம். ஒரு சாண். நாலு விரல். போதும், நிறுத்துங்க.

திறக்கறேன் அக்கா. கையைக் குடுங்க. காலைப் பாத்து வெளிய வைங்க. அவ்வளவுதான். அவ்வளவுதான், வந்துட்டீங்க.

உடனே படி இறங்காதீங்க. இந்தப் படியிலயே உக்காருங்க. தண்ணி குடிங்க, பாட்டில் சுத்தமானதுதான், காலைல வீட்ல நிரப்புனது. பன்னெண்டுக்கு இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. டீச்சர்கிட்டயும் சொல்லியாச்சு.

நன்றியெல்லாம் எதுக்குங்க. மேல ஏறுனவருக்குச் சொல்லுங்க.

ஆமா. நீங்க யூகிச்சது சரிதான். லிஃப்ட்லதான். நீங்க உள்ள உக்காந்திருக்கறப்ப அதை எப்படிச் சொல்றது.

இங்க இல்ல, வேற கட்டடம். பெட்டி மேல ஏறி உக்காந்து வேலை பாத்துக்கிட்டிருந்தான். மெயினை அணைச்சுட்டுத்தான் ஏறியிருக்கான். ஆனா ஸ்விட்ச் பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும். வேற யாரும் கை வைக்காமப் பாத்துக்கணும், ரெண்டாவது ஆளோட வேலையே அதுதான். அன்னிக்கு அங்க யாரும் இல்ல. கட்டடத்து ஆளு ஒருத்தர் லிஃப்ட் ஓடலையேன்னு போய்ப் பாத்துட்டு, அணைஞ்சிருக்குன்னு போட்டுட்டார். மேல் மாடில யாரோ பட்டன் அமுக்கிட்டுக் காத்திருந்திருக்காங்க. அவங்க மேல என்ன தப்பு.

ஆபீஸ்ல விசாரிச்சாங்க. யார்கிட்டயும் சொல்லாம, துணைக்கு ஆள் வர்றதுக்குள்ள அவனாவே வேலையை ஆரம்பிச்சுட்டான்னு எழுதுனாங்க. வீட்லயும் எல்லாரும் தலையாட்டிட்டாங்க. பேரே அவசரமாச்சே. போன மாசம் எங்க எல்லாரையும் கூட்டி வெச்சு ஒரு வகுப்பு எடுத்தாங்க. திரையில அவன் போட்டோ. இவரை மாதிரி தனியா வேலையில இறங்காதீங்கன்னு அதிகாரி சொன்னார். நான் ரெண்டாவது வரிசைல உக்காந்து நோட்டுல எழுதிக்கிட்டேன். எல்லாரும் எழுதுனாங்க, நானும் எழுதுனேன்.

தம்பி பொண்டாட்டி ஒருத்திதான் நம்பல. அவர் உங்களைக் கேக்காம ஒரு ஸ்க்ரூகூடக் கழட்ட மாட்டாரே மாமா, உங்களுக்கு போன் வரலையான்னு கேட்டா. வரலைம்மான்னுட்டேன். அதுக்கப்புறம் அவ கேக்கல. இன்னிக்குச் சாயங்காலம் பொண்ணைக் கூட்டிட்டு வரா. அந்தப் பொண்ணுகிட்டப் பள்ளிக்கூடத்துல யாரோ ஒரு பிள்ளை சொல்லியிருக்கு, உங்கப்பா சொன்னதைக் கேக்க மாட்டாராமேன்னு. அது வீட்டுக்கு வந்து, அப்பா சொன்ன பேச்சே கேக்க மாட்டாராம்மான்னு கேட்டிருக்கு. காலைல போன்ல சொல்லிட்டு அழுதா. அதுலேருந்து எனக்கு வேலையில கையே ஓடல.

வந்துச்சு அக்கா. போன் வந்துச்சு. அன்னிக்கு ஒம்போதேகாலுக்கு. நான் அப்ப என் வீட்டுக்காரியோட அக்கா வீட்டு வாசல்ல நிக்கறேன். அவ வெளிய வருவாளா, மாட்டாளான்னு. அவளுக்கு இது தெரியாது. தெரிஞ்சா, தன்னாலதான்னு அவளும் பழியைக் கொஞ்சம் எடுத்துக்குவா. அப்படித்தான் சொல்றதை ஒவ்வொரு நாளாத் தள்ளிக்கிட்டே வந்துட்டேன்.

என்ன சொன்னானா? அண்ணே, நான் வந்துட்டேன், நீ எங்க இருக்கன்னான். எனக்கு வர நேரமாகும், நீ ஆரம்பிடான்னேன். இல்லண்ணே, நீ வா, நான் கீழயே உக்காந்திருக்கேன்னான். ரெண்டு தடவை சொன்னான். அந்த நேரம் வீட்டுக்குள்ள கதவு திறக்கற சத்தம் கேட்டுச்சு, எனக்கு போனை வைக்கணும். சொன்னதைக் கேளுடான்னு கத்துனேன்.

கேட்டான்.