பெரியம்மாள் அத்தையும் மைட்டோகாண்ட்ரியாவும்

ஆர்த்தி: மெல்லப் பேசுக்கா... பாப்பா முழிச்சிக்கப் போவுது.

வேணி: மெல்லத்தான் பேசுறேன். நீ பதிலச் சொல்லு. எழுதப் போறியா, இல்லியா?

ஆர்த்தி: அந்தத் தண்ணியப் பாரேன்.

வேணி: பேச்ச மாத்தாத.

ஆர்த்தி: மாத்தலக்கா. சுண்ணாம்புக்கல்லு வெட்டின குழின்னு சொன்னா யாராச்சும் நம்புவாங்களா? வானம் மொத்தமும் உள்ள எறங்கிக் கெடக்கு. மேகம் எது, கரை எதுன்னே தெரியல.

வேணி: பாடாலூர்ல மாமியா வூட்டுலேர்ந்து புள்ளையத் தூக்கிக்கிட்டு பஸ் மாறி மாறி வந்தது குழியப் பாக்கவா? நீட்டுக்கு அப்ளிகேஷன் போட நாளையோட சரி. அம்மா போன்ல அழுவுது. உன் தங்கச்சி வாயே தொறக்க மாட்டேங்குறா, நீ வந்து கேளுன்னு.

ஆர்த்தி: கேட்டுட்ட இல்ல... இப்ப முந்திரிப் பூ வாசம் வருதா பாரு. காத்து இந்தப் பக்கம் திரும்பிடுச்சி.

வேணி: ஆர்த்தி...

ஆர்த்தி: எழுதலக்கா.

வேணி: என்னது?

ஆர்த்தி: ரெண்டு தடவை எழுதியாச்சு. போதும். மூணாவது தடவை எழுத எனக்குத் தெம்பில்ல.

வேணி: போன தடவை கொஞ்சத்துலதான போச்சு. அதுவும் தெரியாமயா போச்சு? தெரிஞ்ச கேள்வியத் தப்பாப் போட்டுட்டு வந்த. ஒடம்புல இருக்குற செல்லுக்குள்ள எல்லாத்தையும் பொட்டலம் கட்டி அனுப்புறது எதுன்னு கேட்டா, எவளாவது மைட்டோகாண்ட்ரியான்னு போடுவாளா?

ஆர்த்தி: அது உன் தப்பு.

வேணி: என் தப்பா? நல்லாருக்கே கதை.

ஆர்த்தி: ஆமா. நீதான சொல்லிக் குடுத்த? எந்நேரமும் சோறாக்கி எல்லாருக்கும் தெம்பு குடுக்குற பெரியம்மாள் அத்தைதான் மைட்டோகாண்ட்ரியா. கடையில பொட்டலம் கட்டுற அய்யாக்கண்ணு மாமாதான் கோல்கி. கெடைச்சதையெல்லாம் தின்னு கரைக்கிற சித்தப்பாதான் லைசோசோம்...

வேணி: சரியாத்தான சொல்லிருக்கேன்?

ஆர்த்தி: சரிதான். ஆனா பரிச்சைக்கு முன்னாடி மாமா சைக்கிள்லேர்ந்து விழுந்து காலை ஒடைச்சிக்கிட்டாரா... அத்தைதான கடையில உக்காந்திருந்திச்சி. கேள்வியப் படிச்சதும் அத்தை பொட்டலம் கட்டுறதுதான் கண்ணுக்கு வந்துச்சி. போட்டுட்டேன்.

வேணி: அடிப்பாவி... சிரிக்க வைக்காதடி, பாப்பா அசையுது.

ஆர்த்தி: நீயுந்தான் வேற எப்படிச் சொல்லிக் குடுத்திருப்ப? பாடம்னு தெரிஞ்சா உன் மாமியா போனைப் புடுங்கிடுவாங்க.

வேணி: புடுங்கிடுவாங்க. சொந்தக்காரங்க கதைன்னா மட்டும் பக்கத்துல வந்து உக்காந்து காதைத் தீட்டிக்குவாங்க. ஒருநா கேக்குறாங்க, யாருடி அந்தப் பெரியம்மாள், அவ இல்லன்னா ஒருத்தரும் உசுரோட இருக்க முடியாதுங்குற, அவ்வளவு பெரிய ஆளான்னு.

ஆர்த்தி: சித்தப்பா விசயம் அதவிட மோசம். எல்லாத்தையும் கரைச்சிடுவாருன்னு நீ சொன்னதக் கேட்டுட்டு, உங்க கொழுந்தனாரு சொத்தைக் கரைக்கிறாராமேன்னு கல்யாண வூட்டுல அம்மாவையே கேட்டுட்டாங்க.

வேணி: அய்யோ... அந்த மனுசன் வெத்தலை பாக்குக்குக்கூடக் காசு செலவழிக்க மாட்டாரு.

ஆர்த்தி: எனக்குக் கனவெல்லாம் அதுவாத்தான் வருது. நம்ம வூடு மொத்தமும் ஒரு சொட்டுத் தண்ணிக்குள்ள இருக்கு. அப்பா நடுவுல உக்காந்து ஆர்டர் போடுறாரு. அத்தை சோத்துச் சட்டியோட மெதந்து மெதந்து வருது. மாமா பொட்டலத்தத் தள்ளி வுடுறாரு, அது பாட்டுக்குப் போவுது. ஒருத்தரும் பேசல. எல்லாரு மேலயும் வெளிச்சம். நான் மட்டும் வெளில நின்னு பாக்குறேன்.

வேணி: உள்ள போவ மாட்டியா?

ஆர்த்தி: போவணும்னே தோணலக்கா. பாத்தாப் போதும்னு இருக்கு.

வேணி: நான் இருக்கேனா அதுல?

ஆர்த்தி: நீ இருக்க, உள்ள. சன்னல்கிட்ட நிக்கிற. யாரோ கேள்வி கேக்குறாங்க, நீ டக்கு டக்குன்னு சொல்ற.

வேணி: நான் என்னத்தக் கண்டேன். மாட்டுக்குத் தண்ணி காட்டுறப்ப போன்ல நாலு கேள்வி கேப்பேன், அவ்வளவுதான். படிக்கிறவ நீ.

ஆர்த்தி: ரத்தம் ஒறையறதுக்கு எது வேணும்?

வேணி: கால்சியம் வேணும். வைட்டமின் கே வேணும். ஃபைப்ரினோஜன் ஃபைப்ரினா மாறணும், அதுக்கு முன்னாடி... ஏன், என்னையக் கேக்குற?

ஆர்த்தி: சும்மா.

வேணி: இந்தச் சும்மாவெல்லாம் என்கிட்ட வேணாம். எழுத மாட்டேன்னா வேற என்ன செய்யப் போற?

ஆர்த்தி: திருச்சிக்குப் போயி கல்லு படிக்கப் போறேன்.

வேணி: என்ன படிக்கப் போற?

ஆர்த்தி: நிலவியல். இந்தா, இதப் பாரு. இப்பத்தான் உன் காலடியிலேர்ந்து எடுத்தேன்.

வேணி: சிப்பி.

ஆர்த்தி: சிப்பி கல்லாப் போனது. நாம உக்காந்திருக்கோமே, இங்க ஒருகாலத்துல கடல் இருந்துச்சி. உன் தலைக்கு மேல மீனு போயிட்டு இருந்துச்சி. நெனைச்சாலே தூக்கம் வர்ற மாதிரி சொகமா இருக்குக்கா. இதப் படிச்சா எனக்குத் தப்பே வராது.

வேணி: அம்மாவுக்கு யாரு சொல்றது? தெருவுல ஒன்ன டாக்டரம்மான்னுதான கூப்புடுறாங்க?

ஆர்த்தி: கூப்புட்டாங்க. இப்ப நல்லா இருக்கியான்னு மட்டும் கேக்குறாங்க.

வேணி: ஒரே ஒரு தடவை ஆர்த்தி. எனக்காவ எழுதேன்.

ஆர்த்தி: நீ ஏன்க்கா அழுவுற?

வேணி: யாரு அழுவுறா. கண்ணுல வெயிலு.

ஆர்த்தி: வெயிலு மொதுகுப் பக்கம் இருக்கு.

வேணி: நீ எழுதலன்னா காலையில உனக்கு எதுக்கு போன் பண்ணுவேன்? நல்லா இருக்கியா, சாப்புட்டியா, வச்சிடவா... அவ்வளவுதான மிச்சம்?

ஆர்த்தி: அதான். நான் ஒண்ணு சொல்லுவேன், கோவப்படக் கூடாது.

வேணி: சொல்லு.

ஆர்த்தி: மொத தடவை தேறாதப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சி, இது நமக்கு ஆவாதுன்னு. ரெண்டாவது தடவை எழுதினது நீ போன் பண்ணணும்னுதான்.

வேணி: என்ன சொல்ற?

ஆர்த்தி: இந்த வருசம் நான் புஸ்தகத்தயே தொடல. அம்மா படிக்கிறேன்னு நெனைச்சிக்கிட்டு இருக்கு, நான் இங்க வந்து கல்லு பொறுக்கிட்டு இருக்கேன். காலையில மட்டும் நீ கேக்குறதுக்கு எதையாச்சும் சொல்லுவேன். தப்பாச் சொன்னா நீ திருத்துவ. அப்ப உன் குரலே வேற மாதிரி இருக்கும்க்கா. கல்யாணத்துக்கு முந்தி இருந்த வேணியாட்டம்.

வேணி: வேணும்னே தப்பாச் சொன்னியா?

ஆர்த்தி: பாதி. மீதி நெசமாவே தெரியாது. நீ எழுதுக்கா. வயசு பெரிசில்ல. எத்தனை வயசானாலும் எழுதலாம்.

வேணி: நான் எழுதாதவளா? பிளஸ் டூவுல பள்ளிக்கூடத்துலயே மொத மார்க்கு. மார்க்க வச்சே சீட்டு கெடைக்கும்னு நம்பி உக்காந்திருந்தோம். அந்த வருசம் பாத்து நீட்டுதான்னுட்டாங்க. பேப்பரப் பிரிச்சா பாதிக் கேள்வி எந்தப் பாடத்துலேர்ந்து வந்துச்சின்னே தெரியல. வூட்டுக்கு வந்து ஒரு வாரம் சொவத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தேன். எழுந்திருச்சப்ப மாப்பிள்ள பாத்து வச்சிருந்தாங்க.

ஆர்த்தி: எனக்கு நெனப்பிருக்கு. நான் உன் கால்கிட்டயே உக்காந்திருந்தேன்.

வேணி: இப்ப புள்ள பெத்து, மாடு மேச்சி... அவரு சிங்கப்பூர்ல, நான் அவங்க அம்மா கண்ணு முன்னால. எனக்கு எதுக்குடி அதெல்லாம்?

ஆர்த்தி: எதுக்கா? கேள்விய முடிக்கிறதுக்கு முன்னாடி பதில் சொல்றியே, அதுக்கு. நாளைக்குள்ள போட்டுடலாம். டவுனுக்கு நானே கூட வரேன்.

வேணி: வேணாம்.

ஆர்த்தி: பயமா?

வேணி: பயந்தான். நீ நெனைக்கிற பயமில்ல.

ஆர்த்தி: பின்ன எந்தப் பயம்? சொல்லுக்கா... இங்க யாரு இருக்கா, தண்ணியும் நாமளுந்தான்.

வேணி: போன வாரமே போட்டுட்டேன்டி. அவருக்கு மட்டுந்தான் தெரியும். எழுது, எங்கம்மாவுக்குச் சொல்லிக்க வேணாம்னுட்டாரு. நீயும் எழுதினா தங்கச்சிக்குத் தொணைக்குப் போறேன்னு சொல்லிட்டு எறங்கிடலாம்னு பாத்தேன், அதான் ஒன்ன இந்தப் பாடு படுத்தினேன். பரிச்சை எழுதுற எடத்துக் கேட்டுல தோடு, வளையல் எல்லாத்தையும் கழட்டச் சொல்லுவாங்கல்ல... தாலியையும் கழட்டுன்னுட்டா அங்க அதை யாருகிட்டக் குடுப்பேன்? நீ எழுத வேணாம் ஆர்த்தி. கேட்டு வரைக்கும் வா. நான் வெளில வர்ற வரைக்கும் அதைக் கையில வச்சிக்கிட்டு நில்லு.