மோட்டாருக்கு ஒரு பனியன்

பத்தொன்பது நாள், இரண்டு மணி நேரமாக நான் யாருக்கும் போன் செய்யவில்லை. இதில் விசேஷம் ஒன்றுமில்லை. எனக்கு இயல்பாகவே போனில் பேச வராது. 'இன்று சாப்பாடு வேண்டாம்' என்று அம்மாவுக்கே வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவேன். அவர் அடுத்த அறையில்தான் இருப்பார்.

நீங்கள் வாயால் சொல்லச் சொன்னீர்கள். எழுதித் தருகிறேனே சார் என்று கேட்டேன். காகிதம் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிறீர்கள். நன்றி.

இப்போது மணி பதினொன்று இருபது. முத்தாத்தாள் அம்மா இன்று தன் மூன்று தங்கைகளோடு மூணாறு போகிறார். உடுமலையில் உறவுக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, பன்னிரண்டரைக்குக் கிளம்பி மலை ஏறுவதாகத் திட்டம். வண்டி இந்த ஷோரூமில் வாங்கியது. ஓட்டுவதும் அவரேதான். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

என் பெயர் மதுமதி. பி.எஸ்ஸி. இயற்பியல் படித்திருக்கிறேன். இந்த எலெக்ட்ரிக் கார் ஷோரூமில் கம்ப்யூட்டரில் விவரம் பதிகிற வேலைக்குத்தான் சேர்ந்தேன். வாடிக்கையாளர்களிடம் பேசுகிற இடத்தில் இருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டார். மேனேஜர் குமாரவேல் சார் என்னைக் கூப்பிட்டு, "ஆள் கெடைக்கற வரைக்கும் நீ அந்தச் சேர்ல உக்காரு. சும்மா சிரிச்சுட்டு இருந்தாப் போதும்" என்றார். ஏழு மாதமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று நாளைக்கு முன் பல்லடம் ரோட்டில் தரணீதரன் என்பவரின் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றது. பின்னால் வந்த லாரி இடித்ததில் அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. வண்டியின் முன்மூடியைத் திறந்து பார்த்தவர்கள், மோட்டார் நீல நிறத்தில் ஒரு பனியன் போட்டிருப்பதைக் கண்டார்கள். அதன்பிறகுதான் நீங்கள் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தீர்கள். நீங்கள் கேட்பது இரண்டே கேள்வி. பஞ்சுக் கதையை யார் ஆரம்பித்தது, மோட்டாருக்குப் பனியன் போட யார் அனுமதித்தது. நம் புது வண்டிகள் உண்மையில் ஏன் நிற்கின்றன என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை எழுதி நேரத்தை வீணாக்கவில்லை.

பஞ்சுக் கதை ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆரம்பித்தது. நான் ஒரு மெயிலை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து நிறுத்தினார்கள். முத்தாத்தாள் அம்மா தன் நிட்டிங் ஃபோர்மேனோடு உள்ளே வந்தார். அவருக்கு அனுப்பர்பாளையத்தில் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின் பதினாறு ஓடுகிறது. கண்ணாடி வழியாக அவர் நடையைப் பார்த்ததுமே குமாரவேல் சார், மணி அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே போனார். நான் மெயிலை மூடினேன்.

"ஏனுங் அம்மிணி, வாங்கி மூணு மாசம் ஆகலீங்க. நடுப் பாலத்துல நின்னு போச்சு. ஸ்டியரிங்கு அசைய மாட்டீங்குது, பிரேக்கு கல்லாட்ட இருக்குது. பொறத்தால வந்த பஸ்ஸுக்காரன் அடிச்ச ஹாரன்ல எனக்கு இன்னும் காது அடைச்சுக் கெடக்குது. என்னங்க காரணம்? சொல்லுங்க."

நேராக நிட்டிங் ஹாலிலிருந்து வந்திருந்தார்கள். அவர் தலைமுடியில், புருவத்தில், ஃபோர்மேன் மீசையில் எல்லாம் வெள்ளையாகப் பஞ்சு படிந்திருந்தது. கார் சாவியில்கூடக் கொஞ்சம் இருந்தது.

"பஞ்சுங்க" என்றேன்.

நான் சொன்னது இந்த ஒரு வார்த்தைதான். மீதியை அவரேதான் சொன்னார்.

தன் புருவத்திலிருந்த பஞ்சைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார். பிறகு ஃபோர்மேன் பக்கம் திரும்பினார். "நான் இழுத்துட்டு வர்றப்பவே நெனச்சனப்பா. நம்ம மெஷினு மட்டும் என்ன? ரெண்டு நாள் ஊதாம உட்டாப் பஞ்சு அடைச்சு நின்னு போகுதல்ல? அதும் மோட்டாரு, இதும் மோட்டாரு." அதன்பிறகு கால் மணி நேரம் பஞ்சு எப்படியெல்லாம் உள்ளே போகும் என்று எனக்கு விளக்கினார். நான் நான்கு முறை தலையாட்டினேன்.

"இத வாங்கறப்பவே சொல்லியிருக்கோணுமல்ல கண்ணு?"

"சொல்லியிருக்கோணுங்க" என்றேன். அது பொய் இல்லை.

போகும்போது என் கன்னத்தைத் தொட்டு, "இத்தன பேர் இருக்கற எடத்துல நீ ஒருத்திதான் உள்ளதச் சொன்னே" என்றார். அன்று முழுவதும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து என்னை யாரும் பாராட்டியதில்லை.

அந்த வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் அவர் ஏழு பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு இதைச் சொல்லியிருக்கிறார். ஏழு பேரும் உடனே நம்பிவிட்டார்கள். இந்த ஊரில் நின்றுபோன எந்த மோட்டாருக்கும் முதல் சந்தேகம் பஞ்சு மேல்தான். கம்ப்ரஸர் இல்லாத கம்பெனியும் இங்கே கிடையாது. மறுநாளிலிருந்து தினமும் காலையில் வண்டியின் முன்மூடியைத் திறந்து ஏர் கன்னால் ஊதினார்கள்.

வாரத்துக்கு ஒன்பது புகார் வந்துகொண்டிருந்த இடத்தில் ஒன்று வந்தது. வண்டிகள் நின்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் நின்றால் இப்போது எங்களைத் திட்டுவதில்லை. டிரைவரிடம், "காலைல ஊதுனியா இல்லையா?" என்று கேட்டார்கள். ஒருவர் வண்டி ரோட்டில் நின்றால், கடந்து போகிறவர் கண்ணாடியை இறக்கி, "ஏம்மாப்ள, ஊட்டுல கம்ப்ரஸர் ரிப்பேருங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவாராம். இதற்குப் பிறகு வண்டி நின்றதை வெளியே சொல்லவே வெட்கப்பட்டார்கள். வெட்கம் எனக்குப் புரிகிற விஷயம்.

குமாரவேல் சார் என் போட்டோவைச் சுவரில் மாட்டி, கீழே 'மாதத்தின் சிறந்த ஊழியர்' என்று எழுதினார். நீங்கள் உள்ளே வரும்போது பார்த்திருப்பீர்கள். தரையைப் பார்த்துக்கொண்டிருப்பது நான்தான்.

அந்த மோட்டாருக்குள் பஞ்சு போக முடியாது. மோட்டாரும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கன்ட்ரோலர் பெட்டியும் முழுக்க மூடியவை. பெட்டியின் மேலே வரிசையாக அலுமினியத் தகடுகள் இருக்கும். காற்று பட்டு அவை ஆறினால்தான் பெட்டி ஆறும். இது எனக்கு முதல் நாளே தெரியும். ஆனாலும் ஊதுவதால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்தேன். உண்மையில் தகடுகள் கொஞ்சம் குளிரவும் செய்தன. பயந்து ஓட்டுகிறவர்தான் தவறு செய்வார் என்று எங்கோ படித்திருக்கிறேன். பயம் போனதே ஒரு பாதுகாப்புதான்.

ஒன்பதாம் நாள், புதன்கிழமை, முத்தாத்தாள் அம்மா ஒரு பாலிதீன் கவரோடு வந்தார்.

"சாம்பிள் கொண்டாந்திருக்கறேன் கண்ணு."

கவருக்குள் மோட்டாருக்கான பனியன் இருந்தது. கெட்டியான இன்டர்லாக் துணி. கீழே இரண்டு வரிசை எலாஸ்டிக். வயர் வருகிற இடத்தில் கைக்கு விடுவதுபோல ஓட்டை விட்டு, இழுத்தால் விரிகிற ரிப் பட்டி வைத்துத் தைத்திருந்தார். உள்பக்கம் லேபிள்கூட இருந்தது: நூறு சதவீதம் பருத்தி, வெந்நீரில் துவைக்கக் கூடாது.

"தெனமும் ஊதீட்டே இருக்க முடியுமா? இத மாட்டி உட்டாப் பஞ்சு எப்படிப் போகும்? வெள்ளைல அழுக்குத் தெரியும்னு நீலத்துல போட்டேன். எம்மு, எக்ஸெல்லு ரெண்டு சைஸு. நீ அப்ரூவல் குடுத்தீன்னா நாளைக்கே கட்டிங் போட்டுருவேன்."

கவரில் ஒரு சீட்டு கட்டியிருந்தது. அதில் 'அப்ரூவ்டு' என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. "கையெழுத்தில்லாம என்ற கம்பெனில ஒரு கர்ச்சீப்புகூட ஓடாது பாத்துக்க" என்று பேனாவை நீட்டினார்.

துணி சூட்டை வெளியே விடாது. அதற்காகத்தான் நாம் உடுத்துகிறோம். இதற்கு இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குக் குறைந்தது மூன்று வாக்கியங்கள் வேண்டியிருந்தன. முதல் வாக்கியத்திலேயே பஞ்சு பொய் என்று சொல்ல வேண்டும். இரண்டாவதில் ஏன் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். மூன்றாவதை நான் யோசிக்கவில்லை. கையெழுத்துக்கு ஒரு நொடிதான் ஆனது.

"ரிப் கலர் ஒத்துப் போகுதா கண்ணு?"

"நல்லா இருக்குங்க."

வண்டிகளுக்கு அதை மாட்டியது மெக்கானிக் ஆரோக்கியராஜ் அண்ணன். தூத்துக்குடிக்காரர். முதல் பனியனைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"ஏ மதுமதி, இந்தப் பெட்டிக்குள்ள எறும்புகூடப் போவாது, பஞ்சு எப்படி போச்சு? சரி, போச்சுன்னே வச்சுக்குவோம். பஞ்சு வரக் கூடாதுன்னு பஞ்சுத் துணியவே சுத்தச் சொல்லுதீங்களே. சூடு எங்கன போவும்?"

நான் சீட்டைக் காட்டினேன். "அப்ரூவ் ஆயிருச்சுங்கண்ணா."

"யாரு பண்ணுனது?"

"மேல இருந்துங்க."

அவர் வேலை செய்யும் ஒர்க்‌ஷாப்பைவிட என் மேசை இரண்டு படி உயரத்தில் இருக்கிறது. அதனால் இதையும் முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

"என்னமும் பண்ணுங்க. நாளைக்கு பெட்டிக்கு ஜட்டியும் கொண்டாந்துராதீங்க" என்று சொல்லிவிட்டு மாட்டப் போனார். முப்பத்தொரு வண்டிகளுக்கு மாட்டினார். பனியன் போட்ட வண்டிகள் அடிக்கடி நின்றதாக இப்போது தெரிகிறது. அப்போது யாரும் சொல்லவில்லை. துவைக்காமல் விட்டதால் நின்றது என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

ஆரோக்கியராஜ் அண்ணன் காலையிலிருந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். சீட்டில் இருப்பது அவர் கையெழுத்து என்று நீங்கள் நினைக்கிறீர்கள். சின்னதாக, புரியாதபடி இருப்பதால் அப்படித் தோன்றலாம். அது என்னுடையது. நான் எல்லாவற்றையும் சின்னதாகத்தான் எழுதுவேன். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

நேற்று மாலை முத்தாத்தாள் அம்மா ஒரு டப்பா நிறைய வெல்லக் கச்சாயம் சுட்டுக் கொண்டு வந்தார்.

"நாளைக்கு மூணாறு போறோம் கண்ணு. அக்கா தங்கச்சி நாலு பேரும். ஊட்டுக்காரங்க ஒருத்தரும் கெடையாது. முப்பது வருசமாப் பேசிப் பேசி இப்பத்தான் கெளம்பறோம். சின்னவ பயந்துட்டே இருந்தா, 'அந்தப் பல்லடம் ரோட்டுக்காரராட்ட ஆயிருமாக்கா'ன்னு. அவரு பனியன ஒழுங்கா மாட்டியிருக்க மாட்டாரு, நம்மளது அப்படி இல்ல, அந்தப் புள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்ததுன்னு சொன்னேன். அப்பறந்தான் வர்றேன்னா."

நான் சிரித்தேன்.

"மலைல குளுருமல்ல? அதனால வண்டிக்கு ரெட்டையாப் போட்டுட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்தேன். "பாத்துப் போங்க" என்று வந்தது.

கச்சாயம் ஆறு இருந்தது. நான்கு சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

இப்போது நீங்கள், "ஏம்மா கடிகாரத்தையே பார்க்கறே?" என்று கேட்டீர்கள். மணி பன்னிரண்டு ஐந்து. சுருக்கமாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பக்கம் நான்காகிவிட்டது.

உங்கள் கோப்பில் மேலாக இருக்கும் தாளை நானும் பார்க்கிறேன். நாற்பத்து மூன்று பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு டிக். காலையில் தரணீதரன் அவர்களின் மனைவி போனில், யாரும் எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை என்று அழுதபோது, நீங்கள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் பதில் சொன்னீர்கள். வைத்தபின் என்னிடம், "ஜனங்க எவ்வளவு சுலபமாப் பொய் சொல்றாங்க பார்த்தியாம்மா" என்றீர்கள். நான் அப்போதும் சிரித்தேன்.

அவர் பொய் சொல்லவில்லை. அந்தத் தாளில் முத்தாத்தாள் அம்மாவின் பெயர் பதினேழாவது. இனி எழுதினால் நேரமாகிவிடும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நான் வாயால் சொல்லப் போவது இதுதான்:

"சார், அந்தத் திங்கக்கெழம காலைல ஒம்பது இருபதுக்கு உங்க மெயில் வந்துச்சுங்க. கன்ட்ரோலர்ல ஒரு பார்ட்டு சூடானா ஓடறப்பவே வண்டி நின்னுரும், மாத்தற வரைக்கும் வண்டிய வெளிய எடுக்க வேண்டாம்னு நாப்பத்து மூணு பேருக்கும் சொல்லச் சொல்லியிருந்துச்சுங்க. எழுத்துல போட்டா ஊரெல்லாம் பரவீரும், போன்ல வாயாலதான் சொல்லோணும்னு இருந்துச்சுங்க. வாட்ஸ்அப்புன்னா அன்னைக்கே போட்டிருப்பனுங்க. டிக் மட்டுந்தான் போட்டேன், ஒருத்தருக்கும் போன் பண்ணலீங்க. முத்தாத்தாம்மா நம்பர் இதுங்க. கொஞ்சம் நீங்களே கூப்புட்டுச் சொல்லீருங்க சார், எனக்குப் போன்ல பேச வராதுங்க."