சரிகை தண்ணீர் குடிக்கவில்லை

— கதவத் தொறங்க. உங்க கால்ல வுழறன், தாப்பாவ எடுத்துட்டு வெளிய வந்துடுங்க.

— அபிதா, நீ தள்ளிப் போ. நா வரமாட்டன்.

— கட்டின புருசன் வெறிநாயோட தறி ரூமுல தாப்பா போட்டுகினு உக்காந்திருந்தா, நா எங்கங்க தள்ளிப் போறது?

— வெறி இல்லன்னு எத்தினி தபா சொல்றது? இந்தா பாரு, சரிகை எம்மடியில தலைய வச்சிகினு படுத்திருக்குது. வெறி புடிச்ச நாய் மடியில படுக்குமா?

— ஐயோ, மடியிலயா? எச்சி மேல பட்டுடப் போவுதுங்க. காலையில தறி ஓட்டறப்போ நாடாக் கட்டை குத்தி உங்க வெரல்ல ரத்தம் வந்துதே.

— துணி சுத்திகினு தான் இருக்கறன்.

— துணி என்னங்க துணி. நேத்து காலையிலர்ந்து அது வாயத் தொறந்தபடியே கெடக்குது. ஒழுவிகினே இருக்குது. பக்கத்து வூட்டு பாஞ்சாலைய கவ்வப் பாத்துச்சி. தெருவே பாத்துது.

— பாஞ்சாலை தொடப்பத்தால அது மூஞ்சியிலயே இடிச்சா. வலி தாங்காம சீறுச்சி. வாயவே மூட முடியல அதுக்கு, அப்பறம் எங்கருந்து கவ்வும்? இந்தா பாரு, வெளிய என்ன அவ்ளோ சத்தம்?

— தெருவே வந்து நிக்குதுங்க. ஆளுக்கொரு தடி. பலராமண்ணன் முனிசிபாலிட்டிக்கு ஆள் கூட்டியாரப் போயிருக்காரு. நாய் புடிக்கிறவன் வந்துட்டான்னா கதவ ஒடச்சிடுவாங்க.

— ஒடைக்கிறதாம். தறியில பாவு ஓடிகினு இருக்குது. பட்டு மேல எவனாவது கால வச்சான்னா அப்பால இருக்குது.

— பாவு போனா போவட்டுங்க. நீங்க வந்துடுங்க.

— மாட்டாஸ்பத்திரிக்கு ஃபோன் போடச் சொன்னனே, போட்டியா?

— பூத்துக்குப் போயி போட்டுட்டு தான் வரன். டாக்டரு படவேட்டுல மாட்டு முகாமுக்குப் போயிட்டாராம், ராவு தான் வருவாராம். கம்பவுண்டரு பேசினாரு. வாயத் தொறந்துகினு எச்சி ஒழுவுதுன்னா யாரும் கிட்டவே போவாதீங்கம்மா, வாயில மட்டும் கைய வுட்டுடாதீங்கன்னு ஒண்ணுக்கு ரெண்டு தபா சொன்னாருங்க.

— சரி. டாக்டரு வர்ற வரைக்கும் இங்கயே இருக்கறன்.

— அதுவரைக்கும் இவங்க பொறுப்பாங்களா? சேவூருல அந்த ரைஸ்மில்லு ஆளு எப்டி செத்தாருன்னு உங்களுக்குத் தெரியாதா? கட்டில்ல வச்சிக் கட்டிப் போட்டாங்க. ஒரு சொம்பு தண்ணியக் கண்டு அந்த மனுசன் அலறுன அலறல் இன்னிக்கும் எங்காதுல கேக்குதுங்க.

— அதத் தான் நானும் சொல்றன். வெறின்னா தண்ணியக் கண்டா மிரளணும். இது மிரளல. நேத்துலர்ந்து பத்து தபா சட்டிக்கிட்ட போயிருக்கும். மூக்க முழுசா உள்ள வுடுது. நாக்கால அள்ளுது. எல்லாம் வாய் ஓரமா வெளியவே வந்துடுது. அப்பால என் மூஞ்சியப் பாக்குது. நீயாச்சும் எதனா செய்யேன்னு கேக்கற மாதிரி இருக்குது அபிதா.

— அப்டியெல்லாம் பேசாதீங்க.

— சரிகைக்குத் தாகம். அதான் எனக்குத் தெரிஞ்சது. நாக்கு காஞ்சி தோலு மாதிரி ஆயிடுச்சி.

— நாய்க்குத் தாகம்னா உங்களுக்குத் தொண்டை காயுது. எனக்கு என்ன காயுதுன்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா?

— இப்ப போயி அத எடுக்கறியே.

— எப்ப எடுக்கறது பின்ன? நீங்க எங்கிட்டப் பேசினா ரெண்டு வார்த்த. சோத்தப் போடு, வௌக்க அணை. தறியில உக்காந்துட்டா அந்தச் சனியன்கிட்ட நாளெல்லாம் பேசறீங்க. நா கொல்லையில தொவைக்கிற கல்லு மேல உக்காந்துகினு கேப்பன்.

— கேப்பியா?

— எல்லாத்தையும் அங்கருந்து தான் கேட்டுக்குவன். உங்க தங்கச்சி வூட்ல சண்டைன்னு சொன்னீங்க, நாய்கிட்ட. எடது பக்கம் நெஞ்ச இழுத்துப் புடிக்குதுன்னு சொன்னீங்க, அதுவும் நாய்கிட்ட. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? மறுநாளு உங்களுக்குத் தெரியாம நாட்டு மருந்து குடுக்கற ராஜம்மாள் வூட்டுக்குப் போயி, நெஞ்சு வலிக்கு என்ன குடுக்கறதுன்னு கேட்டுட்டு வந்தன்.

— அதான் அந்தக் கஷாயமா?

— அதான்.

— அது எதுவும் கேக்காதுடி. வெறுமன பாத்துகினு இருக்கும். அதனால வாயில வந்துடுது.

— நா எதுவும் கேக்கமாட்டங்க. நீங்க வெளிய வாங்க. இனிமே எதுவுமே கேக்கமாட்டன்.

— அழாத. இந்தா பாரு, அழாத. இதுக்குக் கேக்குது, காத நிமித்துது.

— நாயி போனா இன்னொண்ணு வளக்கலாம். தெருவுல எத்தினி குட்டி சுத்துது.

— இன்னொண்ணு இழை அறுந்தா சொல்லுமா? பட்டு இழை அறுந்தா தறிச் சத்தம் ஒரு நூலளவு மாறும். எங்காதுக்கு வர்றதுக்குள்ள நாலு வெரக்கட நெசவு போயிடும். இது படுத்த எடத்துலர்ந்தே ஒரு தடவ கொலைக்கும். ஒண்ணே ஒண்ணு. நா நிறுத்திப் பாத்தா அறுந்திருக்கும். யாரும் சொல்லித் தரல அதுக்கு.

— தெரியும்ங்க. அதையும் கல்லு மேலர்ந்து கேட்டிருக்கன்.

— ரேணுகாம்பாள் கோயிலுக்கு நா தனியா கெளம்பினப்போ பஸ்ஸுல ஏறி சீட்டுக்கடியில பூந்துகிச்சே. கண்டக்டரு, பெரியவரே, பொம்பளைக்கு எடம் இல்ல, உங்க நாய்க்கு எடமான்னு கேட்டுட்டு அரை டிக்கெட்டு கிழிச்சான். கோயில் வாசல்ல செருப்பு மேலயே உக்காந்துகினு இருந்துச்சி, நா வர்ற வரைக்கும்.

— அந்தக் கதைய ஊருக்கே சொல்லிட்டீங்க. இப்ப அந்த ஊரு தான் தடியோட நிக்குது.

— அபிதா. டார்ச்சு அடிச்சிப் பாத்தன். அது வாயி உள்ளாற எதோ இருக்குது.

— எது?

— மேல் தாடையில, நல்லா உள்ள. வெள்ளையா எதோ தெரியுது. முன்னங்காலால மோவாயப் பிராண்டிகினே இருக்குதே, அதுக்குத் தான். எதோ மாட்டிகினு இருக்குது.

— பல்லுங்க அது.

— பல்லு இல்ல. குறுக்கால இருக்குது.

— பல்லு தாங்க. வெளிச்சத்துல அப்டித் தெரியும். சாமி சத்தியமா பல்லு தான். கைய மட்டும் உள்ள வுட்டுடாதீங்க. ஏங்க, கேக்குதா? என்னப் பாத்துப் பேசுங்க.

— எப்டிப் பாக்கறது, நடுவுல கதவு இருக்குது.

— தனகோடி. நா பலராமன் பேசறன்பா. முனிசிபாலிட்டி ஆளு வந்துட்டான். மரியாதையா வெளிய வந்துடு.

— அண்ணா, ராவு டாக்டரு வந்துடுவாரு. அதுவரைக்கும் உள்ளயே இருக்கறோம், நானும் அதுவும். தெருவுக்கு ஒரு பேஜாரும் வராது.

— ஒனக்கு வர்றது தெருவுக்கு வர்றது இல்லயா? பொம்பள இங்க வாசல்ல மண்டைய முட்டிகினு நிக்குதுய்யா. ஒன் நாய எனக்கும் தெரியும். நீ டீக்கடைக்குக் கூட்டியாந்தா எம் பிஸ்கோத்துக்கு வந்து நிக்கும். எனக்கு ஆசையா அத அடிக்கறதுக்கு? கடப்பாறை எடுத்துகினு வரன். அதுக்குள்ள தொற.

— கைய வுடறன் அபிதா. வேற வழி இல்ல.

— வேணாங்க.

— துணிய நல்லா சுத்திட்டன்.

— வேணாங்க, வேணாங்க. ஏங்க? ஐயோ, பேசுங்க. என்ன ஆச்சி?

— துணியோட போவல. வாயி சின்னது.

— அப்ப வுட்டுடுங்க.

— துணிய எடுத்துட்டுப் பாத்தன். நுனி வெரல்ல படுது, புடிக்க வரல. எங்கை பெருசு. பல்லுல பட்டு ரத்தம் வந்துடுச்சி. அது கடிக்கலடி. ஒரு தபா கூடக் கடிக்கல. கண்ணுலர்ந்து தண்ணி தான் வருது.

— பட்டுடுச்சா? ரத்தம் வந்துடுச்சா?

— வந்துடுச்சி.

— பலராமண்ணா, ஒரு நிமிசம். கடப்பாறைய கீழ வைங்க. எல்லாரும் அந்த வேப்ப மரத்தாண்ட போயி நில்லுங்க. நா பேசி அவர வெளிய கூட்டியாரன். எங்கம்மா மேல ஆணையா கூட்டியாரன்.

— என்ன சொல்லி அனுப்பிச்ச அவங்கள?

— தொறங்க. நா மட்டும் தான் இருக்கறன்.

— தொறந்தா தடியோட பூந்துடுவாங்க.

— நா மட்டும் தாங்க. ஜல்தி. தாப்பாவ எடுங்க. ஆங். இப்ப மூடுங்க.

— நீ ஏன் உள்ள வந்த? பைத்தியக்காரி. எனக்குத் தான் பட்டுது, ஒனக்குமா?

— தள்ளுங்க. எங்கை சின்னது.

— அபிதா.

— அறுந்த இழைய இந்த வெரலு தான பொணைக்குது? நீங்க அது தலைய முட்டிக்கு நடுவுல புடிங்க. மேல் தாடைய ரெண்டு கையாலயும் தூக்குங்க. டார்ச்ச அந்தப் பலகை மேல வைங்க. இன்னும் கொஞ்சம் இப்டி.

— பல்லு பட்டுடும், பாத்து.

— படட்டும். நீங்க பேசாதீங்க. இருக்குதுங்க. ரெண்டு கடவாப்பல்லுக்கும் நடுவுல குறுக்கால நிக்குது. கெட்டியா மாட்டிகினு இருக்குது.

— இழு.

— இழுத்தா வரல. உள்ளாற தள்ளித் தான் திருப்பணும். இருடி. பொறுத்துக்கோடி என் கண்ணு. இன்னும் கொஞ்சம், கொஞ்சம் தான். தலைய ஆட்ட வுடாதீங்க.

— புடிச்சிகினு தான் இருக்கறன். திமிருது.

— வருது. வருது. இந்தா.

— வந்துடுச்சா?

— கையில இருக்குது பாருங்க.

— வாய மூடுது. அபிதா, வாய மூடுது பாரு.

— சட்டிய நவுத்துங்க. கிட்ட வைங்க.

— குடிக்குது. சத்தம் கேக்குதா? உள்ள போவுதுடி, வெளிய வரல. சரிகம்மா, மெதுவா. மெதுவா குடி. யாரும் புடுங்கிக்க மாட்டாங்க.

— எல்லாத்தையும் குடிச்சிட்டுது. இன்னும் ஊத்துங்க.

— வாலாட்டுது. பலராமண்ணனக் கூப்புடு, வந்து பாக்கட்டும். இரு, ஒங்கையக் காட்டு. ஒனக்கும் கிழிச்சிடுச்சே.

— சோப்பு போட்டு ரெண்டு பேரும் கழுவிக்கலாம். நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போவணும். எதுவா இருந்தாலும் ஊசி போட்டுக்கணும்.

— தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி.

— பதினாலும் தான். சேந்தே போவலாம். வழியெல்லாம் பேசிகினு போவலாம்.

— சரி. பேசிகினே போவலாம். அத இப்டிக் குடு, என்னன்னு பாக்கறன். இது எலும்பாச்சே. ஆட்டு எலும்பு.

— ஆமாங்க.

— எங்கப்பா காலத்துலர்ந்து கறி நொழயாத வூடு இது. தயிர் சோறு தின்னு வளந்த நாயி. தெருவுக்குக் கூட நா தனியா வுடறதில்ல. எலும்பு எங்கருந்து வந்துது?

— முனிசிபாலிட்டி ஆளு காத்துகினு இருக்கான். போயி சொல்லிட்டு வரன்.

— அபிதா. எம்மூஞ்சியப் பாரு.

— நாந்தாங்க போட்டன். ஞாயித்துக்கெழமையானா காய் வாங்கப் போறப்போ பாய் கறிக்கடையில எலும்பு ஒண்ணு வாங்கி, தாள்ல சுத்தி, முந்தானையில முடிஞ்சிகினு வருவன். நீங்க தறியில இருக்கறப்போ கொல்லையில கூப்ட்டுப் போடுவன். நேத்து காலையிலயும் போட்டன்.

— நீயா? வாயத் தொறந்தா சனியன்னு தான சொல்லுவ?

— வாரத்துல ஒரு நாளாச்சும் அது எம்பின்னாடியும் வரட்டுமேன்னு தாங்க.

— அப்ப எலும்பா இருக்கும்னு ஒனக்கு நேத்தே தெரியும். வெள்ளையா தெரியுதுன்னு நா சொன்னதுக்கு, சாமி சத்தியமா பல்லுன்ன. ஒரு வார்த்த சொல்லலியே. வாசல்ல கூட்டத்த நிக்க வச்சிகினு, அத அடிச்சே கொன்னிருந்தாங்கன்னா?

— எலும்பா வெறியான்னு எனக்கு மட்டும் எப்டிங்க தெரியும்? எலும்புன்னு சொல்லியிருந்தா நீங்க அப்பவே வெறுங்கைய வுட்டிருப்பீங்க. நாய அவங்ககிட்ட குடுத்துட்டாவது உங்கள வச்சிக்கலாம்னு தான் வாய மூடிகினு நின்னன்.