பக்கத்து சீட்டு பிரேக்

எனக்கு வலது முழங்காலில் வலி உண்டு இன்ஸ்பெக்டர் சார். திருமுல்கேரியில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன் இல்லையா. பழகுகிறவன் ஓட்டுவான், பக்கத்து சீட்டில் இருக்கிற நமக்கும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. நாளெல்லாம் மிதித்து மிதித்து வந்த வலி.

பிரேக்கைப் பற்றித்தானே கேட்டீர்கள். என் சொந்தக் காரை நீங்களே மெக்கானிக்கை வைத்துப் பார்த்தீர்கள். ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ரோட்டில் டயர் தேய்த்த தடமே இல்லை. மாப்பிள்ளைக்கு மிதிக்கத் தெரியாது, அதுதான் காரணம்.

மாப்பிள்ளை ஜோசியாவுக்கு மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. இங்கிலாந்தில் இடம் கிடைத்துவிட்டது, லோயிஸையும் கூட்டிப் போகிறேன் என்றார். எனக்கு இருப்பது அந்த ஒரு பெண். நக்கோ, வேண்டாம் என்றேன். சிரித்தார்.

"அங்க டெஸ்ட் ரூல்ஸ் எல்லாம் மாத்திட்டாங்க மாமா. தேதி கிடைக்கவே மாசக்கணக்காகுது. இங்க லைசன்ஸ் எடுத்துட்டா முதல் வருஷம் அதை வெச்சே ஓட்டலாம். நீங்களே கத்துக்குடுங்க."

படித்தவர்கள் எல்லாம் விசாரித்து வைத்திருப்பார்கள்.

முதல் நாள் பயந்தார், அதனால்தான் நான் மிதித்தேன். அவர் கால் பெடலைச் சும்மா தொட்டது, வண்டி நின்றது.

"வெண்ணெய் மாதிரி நிக்குது மாமா."

"உங்க கால் ராசி மாப்பிள்ளை."

அப்புறம் தினமும் நானே மிதித்தேன். டெஸ்ட் அன்றும் ஸ்கூல் வண்டிதான், ஆபீசர் வெளியே நின்று பார்த்தார், பக்கத்தில் நான்தான். பாஸ் ஆனார். வீட்டில் கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு தின்றேன்.

லைசன்ஸ் வந்ததும் என் காரின் சாவியைக் கொடுத்தேன். அதில் ஒரே பிரேக். போவன்பள்ளி மார்க்கெட்டில் தக்காளி வாங்கி வரச் சொன்னேன். காலையில் அங்கே லாரிகள் திரும்பிக்கொண்டே இருக்கும். தெரிந்துதான் சொன்னேன். லோயிஸும் செருப்பை மாட்டினாள். "நீ இரும்மா, டீ போடு" என்று நிறுத்திவிட்டேன். டீ நன்றாகத்தான் இருந்தது. குடித்து முடிப்பதற்குள் போன் வந்தது.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பெண் என்னோடு இருக்கட்டும் என்றுதான் செய்தேன்.

லோயிஸ் நர்ஸ். அடக்கம் முடிந்ததும் இங்கிலாந்திலேயே வேலை தேடிக்கொண்டு தனியாகப் போய்விட்டாள். புகார் கொடுத்ததே அவள்தான் என்கிறீர்கள். நான் நம்பவில்லை. போன் எடுக்காதது வேலை அதிகம் என்பதால். கார் இல்லாமல் அங்கே எத்தனை நாள் சமாளிப்பாள், டெஸ்ட்டுக்கும் தேதி கிடைக்காது. லைசன்ஸ் எடுக்க இங்கேதான் வரவேண்டும். வரட்டும். நானே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறேன்.