பத்தொன்பதாவது விடைத்தாள்

இல்ல மேடம், கேள்வித்தாள் எங்கேருந்தும் வெளிய வரல. அத மொதல்ல எழுதிக்கோங்க. என் டியூஷன் பசங்க பதினெட்டு பேரும் பரீட்சையில ஒரே கதைய எழுதினதுக்குக் காரணம் நான்தான். நான் குடுத்த கதை அது. எத்தன வாட்டி கேட்டாலும் இதத்தான் சொல்லப்போறேன்.

எங்கிட்ட டியூஷனுக்கு வர்றதெல்லாம் இங்கிலீஷ்ல ரெண்டு வாட்டி, மூணு வாட்டி கோட்டை விட்டதுங்க. பகல்ல கடையில நிக்கும், லாண்டரியில துணி மடிக்கும், சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து ஒக்காந்து கொட்டாவி விடும். அதுங்ககிட்டப் போய் கற்பனையா எழுதுன்னா என்னத்த எழுதும்? தலைப்பும் தெரியாது. மழைன்னு வரும், பாலம்னு வரும், ஒரு படத்தப் போட்டு இதப்பத்தி எழுதுன்னு வரும். அதான் எல்லாத்துக்கும் வளையற மாதிரி ஒரே கதை. நடுவுல இருக்கற சங்கதி மாறாது. மொத பத்தியும் கடைசிப் பத்தியும் மட்டும் தலைப்புக்குத் தக்கன மாத்திக்கணும். எல்லா டியூஷன்லயும் நடக்கறதுதான் மேடம், உங்களுக்குத் தெரியாததா.

கதையா? நீங்கதான் பதினெட்டு வாட்டி படிச்சிருக்கீங்களே. வீட்ட விட்டுப் போன ஒரு அப்பன். பொண்ணோட பொறந்தநாளுக்கு ஷூ வாங்கிட்டுத் திரும்பி வர்றான். சாவி திரும்பல, பூட்ட மாத்திட்டாங்க. பெல் அடிக்கறான், கூப்பிடறான், படியில ஒக்காந்துடறான். கடைசியில கதவு தெறக்குது, பொண்ணு ஓடி வருது. மழைன்னு வந்தா ஷூவுக்குப் பதிலா குடைன்னு சொல்லிக் குடுத்திருந்தேன். ஒருத்தன் ஷூ பெட்டி அல்லது குடைன்னே எழுதிட்டானா? அவன் பேக்கரியில வேல பாக்கறான் மேடம். பாதித் தூக்கத்துல எழுதியிருப்பான், விடுங்க.

இந்த வருஷம் பாத்து காத்திருத்தல்னு தலைப்பு வந்து தொலைச்சுது. எதையும் மாத்தற வேலையே இல்ல. அப்படியே கொட்டிட்டு வந்துட்டாங்க. தண்டனைய எனக்குக் குடுங்க, டியூஷன மூடச் சொன்னாலும் மூடிடறேன். பசங்க மார்க்க நிறுத்தாதீங்க.

பத்தொன்பதா? பதினெட்டுதானே. நம்பரச் சொல்லுங்க. இல்லையே, இது என் ரிஜிஸ்டர்ல இல்ல. அதே கதவு, அதே ஷூ பெட்டியா? குடுங்க, பாக்கறேன். இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன்.

ம்.

இல்ல, ஒண்ணுமில்ல. கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?

இது காப்பி இல்ல மேடம். இவ என் டியூஷனுக்கு வந்ததே இல்ல. பெட்டியில இருந்தது நீல ஷூன்னு எழுதியிருக்கா பாருங்க. பசங்களுக்கு நான் வெள்ளைன்னுதான் குடுத்தேன். ஆனா வாங்கினது நீலம்தான். போட்டுப் பாத்தா ரெண்டு சைஸ் சின்னதுன்னும் எழுதியிருக்கா. அது எனக்கே இப்பத்தான் தெரியுது. ஒரு வருஷம் பாக்காம இருந்தா புள்ளைங்க கால் எவ்வளவு வளரும்னு எனக்கு எங்க தெரியும்.

ஆமா, நடந்ததுதான். மூணு வருஷம் ஆச்சு. கதவு தெறந்துச்சுன்றது மட்டும் நானா சேத்தது. பரீட்சைக்கு ஒரு முடிவு வேணுமில்ல. நான் ஒரு மணி நேரம் ஒக்காந்து பாத்துட்டு, பெட்டிய வாசல்லயே வெச்சுட்டு வந்துட்டேன்.

எம்பொண்ணுதான். இந்த வருஷம் பரீட்சை எழுதறான்னு கேள்விப்பட்டேன், அவ்வளவுதான். எந்தப் பள்ளிக்கூடம்னு அவங்கம்மா சொல்லல.

எழுதிக்கோங்க, இவ யாரையும் பாத்து எழுதல. இந்தப் பேப்பர நிறுத்தி வெக்காதீங்க. கையெழுத்து எங்க போடணும், இங்கயா?

ரெண்டாவது பக்கத்துல, கதவுக்கு உள்ள தாப்பாள்ல கைய வெச்சுக்கிட்டு அப்படியே நின்னேன்னு எழுதியிருக்கா மேடம். நான் இத்தன நாளா அன்னிக்கு வீட்ல யாருமில்லன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்.