இரும்பனின் தலையை உடைத்தது தொடர்பாக

வாசகர்களுக்கு நான் ‘விண்வெளி அக்கா’. வயது நாற்பத்து மூன்று. ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் தம்பியுடன் குடியிருக்கிறேன். அப்பா, அம்மா இல்லை. தொலைக்காட்சியில் வரும் விண்வெளித் தொடர் ஒன்றின் ரசிகர்களுக்காக நடக்கும் மாதப் பத்திரிகையில் எழுதி வருகிறேன். வேறு வேலை பார்த்ததில்லை. தொலைக்காட்சி நிறுவனத்தின் மேலாளர் கொடுத்த புகாரின்பேரில் இன்று மாலை என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்து விசாரிக்க, நான் சொல்வதாவது:

வாசகர் கடிதம் எழுதிக்கொண்டிருந்த என்னை ஆசிரியர் கூப்பிட்டுக் கதைச்சுருக்கம் எழுதச் சொன்னார். அதன் பிறகு நடிகர் பேட்டிகளும், அதன் பிறகு தொடரில் வரும் இரும்பன் என்ற ரோபோவே பதில் சொல்வது போன்ற கேள்வி பதில் பகுதியும் என் தலையில் விழுந்தன. இரும்பனுக்குள் ஆள் இருப்பதாக ஒரு வரிகூட எழுதக் கூடாது என்பது நிறுவனத்தின் கண்டிப்பு. போன வருடம் படப்பிடிப்பில், உடைக்குள் இருந்தவர் புழுக்கம் தாங்காமல் மண்டியிட்டுச் சரிந்தார். அந்தக் காட்சியை அப்படியே ஒளிபரப்பிவிட்டார்கள். இரும்பன் ஏன் விழுந்தான் என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்தன.

ஆசிரியர், “ஏதாவது கதை விடும்மா, உனக்குச் சொல்லியா தரணும்?” என்றார். விட்டேன். சக்தி தீர்ந்தால் இரும்பன் மண்டியிட்டுக் காற்றிலிருந்து சக்தி இழுப்பான், அப்போது வாய் திறக்க மாட்டான், யாராவது தொட்டால் செத்துவிடுவான், சுற்றி நின்று நூறிலிருந்து கீழே எண்ணினால் எழுந்துவிடுவான் என்று எழுதினேன். அந்த இதழ் சக்கைப்போடு போட்டது. அதன் பிறகு தொடரிலும் அதையே சேர்த்துக்கொண்டார்கள்.

விழுந்தவர் திரும்ப வேலைக்கு வரவில்லை. தம்பி அப்போது வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். நிறுவனத்தில் சொல்லி அவனை அந்த உடைக்குள் சேர்த்துவிட்டது நான்தான். “நீ எழுதுறதுக்கெல்லாம் நான் மண்டி போடணும், எல்லாம் என் தலையெழுத்து” என்று சிரித்தான்.

இன்று ரசிகர் சந்திப்பு. ஹாலில் ஏசி வேலை செய்யவில்லை. இரும்பன் எல்லோருடனும் போட்டோ எடுத்துக்கொண்டு, கடைசியில் மண்டியிட வேண்டும் என்பது ஏற்பாடு. நான் வாசலில் மேசை போட்டுப் பத்திரிகை விற்றுக்கொண்டிருந்தேன். போட்டோ வரிசை பாதிகூட நகராதபோது உள்ளே எல்லோரும் சேர்ந்து எண்ணுகிற சத்தம் கேட்டது. இவ்வளவு சீக்கிரம் ஏன் எண்ணுகிறார்கள் என்று மேசையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். ஓடினேன். தம்பி மண்டியிட்டிருந்தான். முழங்காலுக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது. ஜனங்கள் கைதட்டிக்கொண்டு, சந்தோஷமாக எண்ணினார்கள்.

“உள்ள என் தம்பி இருக்கான், வழி விடுங்க!” என்று கத்தினேன். அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் கிட்டே போனதும் முன்வரிசைக்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி, “அக்கா, தொட்டா செத்துடுவான்னு நீங்கதானே எழுதினீங்க?” என்று அழாத குறையாகக் கேட்டாள். “புளுகுடி! எல்லாம் நான் விட்ட புளுகு!” என்றேன். அவள் நம்பவில்லை. புகாரில் சொல்லியுள்ளபடி பச்சைச் சட்டைக்காரரின் கையைக் கடித்தது உண்மை. அவர் பிடியை விடவில்லை, கடித்தேன். மறுபடி பிடித்தாலும் கடிப்பேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தலைக்கவசத்தின் சாவி உடை மாட்டிவிடுகிறவரிடம் இருந்தது. அவர் சாப்பிடப் போயிருந்தார். மேலாளர், “கொஞ்சம் பொறும்மா, அவர் வந்துடுவார். இத்தனை பேர் முன்னாடி கழட்டினா மானம் போயிடும்” என்றார். அதன் பிறகு நான் மைக் ஸ்டாண்டைத் தூக்கி, அதன் இரும்பு அடியால் பின்பக்கப் பூட்டின் மேல் அடித்தேன். பூட்டு தெறித்து, தலையும் பிளந்தது. சேதம் நான் செய்ததுதான். இரும்பனைக் கொன்றுவிட்டாள் என்று பின்னால் யாரோ ஓலமிட்டார்கள்.

தம்பியின் முகம் வெந்தது போல் இருந்தது. உதடு வெடித்திருந்தது. பாவி, அவ்வளவு நேரமும் அவனுக்கு நினைவு இருந்திருக்கிறது. உள்ளேயிருந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. என்னைப் பார்த்து, “அக்கா, பேசலாமா?” என்று கேட்டான். “பேசுடா, பேசு” என்றேன். அதற்குள் கண் செருகிவிட்டது.

ஆம்புலன்சில் என்னை ஏறவிடவில்லை. இங்கு வந்ததிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். டாக்டர் உள்ளே இருக்கிறார் என்று மட்டும் சொல்கிறார்கள். ஐயா, வழக்கை எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே காவலுக்கு நிற்கிறவரிடம் ஒன்று சொல்லச் சொல்லுங்கள். தம்பி கண் விழித்தால், தலையைக் கழற்றியாகிவிட்டது, இனி பேசலாம் என்று அவனுக்கு யாராவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவன் வாயே திறக்க மாட்டான்.

மேலே உள்ளதை எழுதியவர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. இத்தனை வருடம் நான் எழுதிய பதில்கள் எல்லாம் இரும்பன் பெயரில்தான் வந்தன. இதில் நடந்ததைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டு, என் சொந்தப் பெயரில் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)