மூவர் போகும் தோணி

தூண்டில் போடப் போகிறவன் கையோடு ஒரு புத்தகமும் கொண்டுபோக வேணும். தக்கையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் கொடுவா கிட்ட வராது. அரைப் பக்கம் வாசித்துவிட்டு நிமிர்ந்தால் தக்கை தானாகத் தாழ்ந்திருக்கும். நான் சட்டத்தரணியாக இருந்த காலம் முழுக்க என் ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் போயின. துப்பறியும் கதைகள்தான் அதிகம் வாசிப்பேன். அவற்றில் குற்றவாளி கடைசியில் தேவைக்கு மேலே பேசிவிடுவான். நான் அப்படிச் செய்யமாட்டேன், தம்பி. நீங்கள் அவசரப்படாமல் ஆறுதலாக எழுதலாம்.

முதலில் தோணியைப் பற்றிச் சொல்கிறேன். அது வாவியில் ஓடுகிற சாதாரணத் தோணி. புளியந்தீவில் என் வீட்டுப் பின்படியிலேயே கட்டியிருக்கும். சில வேளை என் நண்பன் ட்றெவரும் வருவான், அவனும் என்னைப்போல நொத்தாரிசுதான். என் கிளாக்கர் இப்றாஹிமும் வருவார். இப்றாஹிமின் உடம்புக்கு அவர் ஒருவரே இரண்டு ஆள். ஏறும்போதே சொல்லுவார், "சேர், கவிழ்ந்தா நான் மிதப்பன். நீங்க ரெண்டு பேரும் என்னப் பிடிச்சுக்கொள்ளுங்க." ஒருநாளும் கவிழ்ந்ததில்லை.

என் தொழில் காணி உறுதிப் பத்திரம் எழுதுவது. கொலை, களவு என்று நான் வழக்காடியதில்லை. இந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும், வீடு வளவு பெண்பிள்ளைக்கு. தாயின் வீடு மகளுக்கு, மகளின் வீடு பேத்திக்கு. கலியாணம் பேசிவிட்டு என்னிடம்தான் வருவார்கள். எத்தனையோ பெண்களுக்கு வீடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு எழுதிக் கொடுக்க ஒரு மகள் இருக்கவில்லை. என் மனைவி டல்சியின் வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. பின்னறைக்கு அவள் மஞ்சள் நிறம் பூசி வைத்திருந்தாள். பூசினது பூசினபடியே இருந்தது. நாங்கள் அந்த அறையைப் பற்றிக் கதைப்பதில்லை.

கடல் வந்த அன்று ஞாயிறு, நத்தார்ப் பெருநாளுக்கு அடுத்த நாள். டல்சி கேக்கை வெட்டி மூடிவைத்துவிட்டுத் திரும்பப் படுத்துவிட்டாள். நான் கல்லடிப் பாலத்துக்கு அங்கால், நாவலடிப் பக்கமாகப் போய் கரையோரக் கண்ணாப் பற்றைக்குள் தோணியைக் கட்டிவிட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஏறினதைத்தான் முதலில் கண்டேன், சத்தம் பிறகுதான் கேட்டது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்த மண்திட்டுக்கு மேலால் கடல் வந்துகொண்டிருந்தது. கட்டியிருந்த கயிறும் அந்தப் பற்றையும்தான் என்னைக் காப்பாற்றின. வேகம் தணிந்த பிறகு வாவி நிறையக் கூரைத்தகடு, பாய், கதவு, மனிதர்கள்.

அதற்குள் ஒரு பெண்பிள்ளை கிடைத்தது. ஒன்றரை வயது இருக்கும். நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

டல்சி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சுடுதண்ணீர் வைத்துக் குளிப்பாட்டினாள். கேக்கைப் பாலில் ஊறவைத்து ஊட்டினாள். பின்னேரம் நான் போய்ப் பார்த்தபோது இரண்டு பேரும் மஞ்சள் அறையில் நித்திரையாக இருந்தார்கள். "இந்தப் பிள்ளைய ஆருக்கும் குடுக்கமாட்டன், வேர்னன்" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னாள். ஊர் முழுக்க அநாதைப் பிள்ளைகள் இருந்த காலம். ஒரு பிள்ளைக்கு ஒரு வீடு கிடைத்தது. அதில் என்ன பிழை என்று அன்று எந்த நீதவான் கேட்டிருந்தாலும் நான் பதில் சொல்லியிருப்பேன்.

ஆட்கள் கேட்டதற்கு, கொழும்பிலிருந்து வந்த சொந்தக்காரப் பிள்ளை என்றோம். ஹெதர் என்று பெயர் வைத்தோம்.

சில மாதம் கழித்து இப்றாஹிம் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். "சேர், இவ அன்னப்பூரணி. நாவலடி ஆள். இவவிட மாப்பிள்ளை யோகராசா கடலோட போயிற்றார். தாயும் சகோதரங்களும் போயிற்றாங்க. இவவிட கதைக்கு ஆரும் காது குடுக்கிறாங்க இல்ல. நீங்க குடுங்க."

அவள் நாற்காலியில் இருக்கவில்லை. நின்றுகொண்டே சொன்னாள்.

"ஐயா, என்ட புள்ள விதுர்ஷா சாகல்ல. தண்ணிக்குள்ள நிண்டு ஒரு மனிசன்ட கையில குடுத்தனான். தோணியில வந்தவர்."

"ஆர் அந்த மனிசன்?"

"தெரியா ஐயா. கண்ணெல்லாம் மண். தொப்பி போட்டிருந்தார், அது மட்டுந்தான் கண்டன்."

"ஏதும் கதைச்சவரா?"

"வாய் திறக்கல்ல. ஊமையோ என்னவோ."

"புள்ளையக் குடுத்த பொறகு?"

"பொறகு நானும் தோணியப் பிடிச்சன். பிடிச்ச கை வழுக்கிப்போச்சு. புள்ள தப்பிட்டு எண்ட சந்தோசத்தில ஒழுங்காப் பிடிக்கல்லபோல." வலது கையை விரித்து, ஏதோ அடுத்தவருடைய பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "இந்தக் கை சரியில்லாத கை, ஐயா."

இப்றாஹிம் இடையில் புகுந்தார். "நீங்களும் தொப்பியோட தோணியில திரியிற ஆள்தானே, சேர். அந்தப் பக்கத்துத் தோணிக்காரர உங்களுக்குத் தெரியாம இரிக்காது."

"இந்த வெயிலில தொப்பி போடாம ஆர் போறான், இப்றாஹிம்?" என்றேன். அவர் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி சொல்லப் போனார்.

என் காரியாலயம் வீட்டின் முன்னறைதான். நான் மனுவை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் பிள்ளை அழுதது. அன்னப்பூரணி கதைத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டாள். கதவையே பார்த்தாள். நான் பேனையைக் கீழே வைக்கவில்லை.

"உங்கட புள்ளையா, ஐயா?"

"வீட்டுப் புள்ளை."

"பசிக்கு அழல்ல. நித்திரைக்கு அழுகுது. முதுகில தட்டச் செல்லுங்க." பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "எந்தப் புள்ள அழுதாலும் எனக்கு என்ட புள்ள மாதிரித்தான் கேக்குது. விசராக்கும்."

மனிதருக்குத் துக்கத்தில் அப்படி வருவது உண்டு என்று ஆறுதல் சொன்னேன். மனுவையும் கவனமாகத்தான் எழுதினேன். தொப்பி போட்ட ஒருவர், பெயர் தெரியாது, பேசவில்லை. தாயின் கை வழுக்கியதால் அவரைத் தொடர முடியவில்லை. நானே வாசித்துப் பார்த்தபோது மனம் உருகியது. அதை அரசாங்கக் கச்சேரிக்கு அனுப்பினேன். கச்சேரியில் அப்படியான மனுக்கள் ஒரு அறை நிறையக் கிடந்தன என்பது எனக்கும் தெரியும்.

அந்தக் கிழமையே டல்சியையும் பிள்ளையையும் கொழும்புக்கு அனுப்பினேன். அங்கிருந்து மெல்பேர்னில் இருக்கும் டல்சியின் தங்கை டெனீசிடம். பிள்ளையின் கடதாசிகளை எப்படிச் செய்தேன் என்று நான் விரிக்கவில்லை. கடலில் எல்லாருடைய கடதாசியும் போயிருந்த நேரம் அது. நானும் போவதாகத்தான் இருந்தது. ஆனால் அன்னப்பூரணி மண்டூரில் தாய்வழியாக வந்த வளவில் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு, மாதம் தவறாமல் வாவியைக் கடக்கிற பாதைப் படகில் ஏறி, பஸ் பிடித்து என்னிடம் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு வேறு சட்டத்தரணி இல்லை. விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

வரும்போது வெறுங்கையோடு வரமாட்டாள். ஒருமுறை மணலை மீன் கொண்டுவந்தாள். "நீங்க தூண்டில்ல பிடிக்கிறது பூனைக்குத்தான் காணும் எண்டு இப்றாஹிம் காக்கா செல்றார்" என்றாள். உண்மைதான். கடலுக்குப் பிறகு எனக்கு மீன் சரியாகப் படவில்லை.

அவளுக்கு ஏதாவது சொல்லவேண்டியிருந்தது. நம்பிக்கை இல்லாமல் ஒரு மனிசியை மாதக்கணக்கில் திருப்பி அனுப்புவது கொடுமை. ஆகவே, கடலில் தப்பின பிள்ளைகள் சிலரை வன்னிப் பக்கம் கொண்டுபோய் வளர்க்கிறார்களாம் என்று ஒரு கேள்விக் கதை சொன்னேன். அதை நான்தான் கட்டினேன். வன்னி றோட்டு பூட்டிக் கிடந்தது, சண்டை நடந்தது, அங்கே போய்ப் பார்க்க முடியாது. முடியாத இடத்தில் ஒரு பிள்ளை உயிரோடு இருப்பதில் யாருக்கும் நட்டமில்லை என்று நினைத்தேன்.

யுத்தம் முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முடிந்தது. அவள் வன்னிச் சனத்தை வைத்திருந்த வவுனியா முகாம்களுக்குப் போனாள். போகவேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இருக்கவில்லை. திரும்பி வந்தபோது செருப்பு இல்லை. காலெல்லாம் செம்மண்.

"கம்பி வேலிக்கு இங்கால நிண்டு பேர் செல்லிக் கூப்பிட்டன், ஐயா. மூண்டு விதுர்ஷா ஓடி வந்தாங்க."

"பொறகு?"

"ஒண்டும் என்ட இல்ல. மூண்டுக்கும் தாய் இல்ல." சேலை ஓரத்தைக் கையில் எடுத்தாள். "கடைசிப் புள்ள வேலிக்கால கைய விட்டு என்ட சேலையப் பிடிச்சிது. விடுதில்ல. நான்தான் இழுத்து எடுத்தன். நான் செய்தது பாவமா, ஐயா?"

"இல்லை" என்றேன். "அந்த நேரத்தில் வேறென்ன செய்யலாம்?"

அதற்குப் பிறகு, மரணச் சான்றிதழ் எடுத்துவிடு என்று எல்லாரும் அவளுக்குப் புத்தி சொன்னார்கள். நானும் சொன்னேன். அவள் மறுத்துவிட்டாள். யாரோ கட்டிக்கொடுத்த கல்வீடு மண்டூர் வளவில் எழும்பியிருந்தது. அதை விதுர்ஷாவின் பெயரில் எழுதவேணும் என்று வந்து நின்றாள்.

"இப்ப என்ன அவசரம்?" என்றேன்.

"செத்த புள்ளைக்கு ஆரும் வீடு எழுதுவாங்களா? நான் எழுதினா அவ உசிரோட இரிக்கா எண்டுதானே. பொறகு ஆர் என்னட்ட அந்தக் கடதாசிய நீட்டுவாங்க?"

நான் படித்த சட்டத்தில் அப்படி ஒரு நியாயம் இல்லை. ஆனாலும் உறுதி எழுதக் கடதாசியை எடுத்தேன்.

நன்கொடை உறுதியில் ஒரு விசயம் இருக்கிறது. கொடுக்கிறவர் கொடுத்தால் போதாது. வாங்குகிறவர் ஏற்றுக்கொள்ளவும் வேணும். சிறுபிள்ளை என்றால் பிள்ளைக்காக ஒருவர் ஒப்பமிட வேணும். தாய்மாமன் செய்வது வழக்கம். அவளுடைய சகோதரங்கள் கடலோடு போய்விட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

"நீங்களே புள்ளைக்காக ஏத்துக்கொள்ளுங்க, ஐயா. உங்களத் தவிர அவளத் தேடினவங்க ஆர்?"

நான் எழுதுகிற உறுதியில் நானே ஒரு பக்கமாக நிற்க முடியாது. அதனால் ட்றெவரிடம் போனோம். அவன் வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தான். "என்ன மேன் வேர்னன், பெற்றார் ஸ்தானத்தில் நிற்பவரா? இந்த வயசில உனக்கும் ஒரு மகள்." எல்லாரும் சிரித்தார்கள். அன்னப்பூரணியும் சிரித்தாள். அவள் சிரித்து நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

அவளுக்குக் கையெழுத்து வராது. பெருவிரலை நான்தான் பிடித்து மையில் வைத்து அழுத்தினேன். "உங்கட கை ஏன் ஐயா இப்பிடிக் குளிருது?" என்று கேட்டாள். பிறகு நான் என் ஒப்பத்தை வைத்தேன். விதுர்ஷாவுக்காக ஏற்றுக்கொண்டேன் என்று. அந்த உறுதியை எடுத்துப் பாருங்கள், தம்பி. அதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. பிள்ளை உயிரோடு இருக்கிறது. நான் பெற்றார் ஸ்தானத்தில்தான் நிற்கிறேன்.

டல்சிதான் மெல்பேர்னில் ஒரு சேர்ச் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்கிறீர்கள். இருக்கும். அவளுக்கு எப்போதும் மனத்திடம் குறைவு. தொப்பியின் கதை அவளுக்குத் தெரியாது, தண்ணீரில் மிதந்து வந்த பிள்ளை என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். மனுக்களில் ஒன்றின் பிரதியைப் பழைய புத்தகம் ஒன்றுக்குள் அடையாளத்துக்கு வைத்திருந்தேன். வாசித்து முடித்த புத்தகங்களை அவளுக்கு அனுப்புவது என் வழக்கம். அதை அவள் வாசித்திருப்பாள். கவனக்குறைவு. ஹெதருக்கு ஒன்றும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றாக வாசிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் எனக்குக் கதை வாசித்துக் காட்டுவாள். தமிழ் தெரியாது.

வெளியே உங்கள் பொலிஸ் ஸ்டேசன் விறாந்தையில் அன்னப்பூரணி நிற்கிறாள், யன்னலால் தெரிகிறது. எனக்குச் சோறு கொண்டுவந்திருக்கிறாள். வாசலில் நிற்கிற உங்கள் ஆளிடம், "எங்கட ஐயா ஆருக்கும் ஒரு கெடுதல் நினைக்காத மனிசன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவளுக்கு எப்படிச் சொல்வது என்று நீங்கள் யோசிக்கிறீர்கள். பிள்ளை இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். அது நல்ல செய்தி.

ஒன்று மட்டும் திருத்தவேணும். மனுவில் கை வழுக்கியது என்று எழுதியிருக்கிறேன். அது அவள் சொன்னது, நான் எழுதினது. கை வழுக்கவில்லை. பிள்ளையைத் தந்த பிறகு அவள் தோணியின் விளிம்பை இறுக்கித்தான் பிடித்திருந்தாள். அது மூவர் போன தோணி, இப்றாஹிமும் ஏறின தோணி. கவிழாது என்று எனக்குத் தெரியும். பிள்ளை என் மடியில் இருந்து தொப்பியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தது. எனக்கு அந்த மஞ்சள் அறை ஞாபகம் வந்தது. குனிந்து அவளுடைய விரல்களை எடுத்துவிட்டேன்.

ஒவ்வொன்றாகத்தான் எடுத்தேன், தம்பி. நோகாமல். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.